டூப்ளேயின் சரித்திரம்: செஞ்சி முதல் காபூல் வரை

செஞ்சிக் கோட்டை என்றவுடன் நம்மவர் வாயில் முதலில் வருவது தேசிங்கு ராஜன் பெயர். 1714-ம் வருஷத்தில், இளம் வயதில், ஆற்காட்டு நவாபின் சைன்யத்தை எதிர்த்து மாண்ட அந்த வாலிபனை நாட்டுப் பாடல்கள் இன்றும் மறக்க விடவில்லை. அவனுக்கு முன்னால் 1677-ல் சிவாஜி மகாராஜா இக்கோட்டையைக் கைப்பற்றியதையும், அவர் குமாரர் ராஜாராம் பல வருஷம் மொகலாய முற்றுகையை இங்கிருந்து சமாளித்ததையும் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். 2025-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தபோது இந்த வீரர்களின் பெயர்களே எங்கும் பேசப்பட்டன. அது நியாயமே.

ஆயினும், பின் விளைவுகளைக் கொண்டு அளந்தால், செஞ்சியில் நடந்த மிகப் பெரிய காரியம் இவற்றுள் ஒன்றும் அன்று. 1750-ம் வருஷம் செப்டம்பர் மாதத்துக்கும் டிசம்பர் மாதத்துக்கும் இடையே இங்கே ஒரு புதிய யுக்தி சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒரு நாட்டின் பட்டத்துக்குப் போட்டியிடுகிறவர்களுள் ஒருவனுக்கு அந்நியன் துப்பாக்கி கொடுத்து, அவனை அரசனாக்கி, அவன் பெயராலே தான் ஆளலாம் என்பதே அந்த யுக்தி. சோதித்தவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் கவர்னராயிருந்த டூப்ளே. அதற்குக் கருவியாக உதவியவர்களுள் முக்கியமானவர்கள், ஆப்கானிய வம்சத்தில் வந்து தென்னாட்டில் ஆண்ட பட்டாணிய நவாபுகள். அதே யுக்தி பின்னர் அவர்களுடைய முன்னோரின் தேசத்தின் மீதே மூன்று வல்லரசுகளால் மாறி மாறிப் பிரயோகிக்கப்பட்டது. ஆப்கானிய ஜனங்கள் பட்ட துன்பத்தின் மூலத்தை அறிய விரும்புகிறவர்கள் காபூலுக்குப் போவதற்கு முன் செஞ்சிக்கு வரவேண்டும். டூப்ளேயின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜோசப் பிரான்ஸுவா டூப்ளே 1697-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தின் வடபகுதியிலுள்ள லாந்த்ரெசி என்னும் ஊரில் பிறந்தவர். தகப்பனார் புகையிலை வரியைக் குத்தகை எடுத்துப் பணம் சேர்த்தவர். பிற்காலத்தில் இந்தியக் கும்பினியின் டைரக்டர்களுள் ஒருவராக இருந்தவர். மகனை வியாபாரத்தில் பழக்க வேண்டுமென்று இளம் வயதிலேயே கப்பலேற்றி அனுப்பினார். 1720-களின் தொடக்கத்தில் டூப்ளே புதுச்சேரி ஆலோசனை சபையின் அங்கத்தினராக வந்து சேர்ந்தார். பின்னர் வங்காளத்திலுள்ள சந்திரநாகூருக்குத் தலைவராக நியமிக்கப்பட்டு, சோர்ந்து கிடந்த அத்துறைமுகத்தைச் சுமார் பத்து வருஷத்தில் செழிக்கச் செய்தார். சொந்த வியாபாரத்திலும் பெரும் பொருள் ஈட்டினார். 1741-ல் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ழான் என்னும் விதவையை மணந்தார். தமிழறிந்த அந்த அம்மாள், கணவருடைய ராஜதந்திரக் கடிதப் போக்குவரத்தில் பெரும் பங்கு கொண்டாள். 1742-ல் டூப்ளே புதுச்சேரியின் கவர்னராகப் பதவி ஏற்றார்.

அதுவரை தென்னாட்டில் ஐரோப்பியர்கள் வியாபாரிகளாகவே நடந்துகொண்டார்கள். நவாபுக்கு நஜர் கொடுப்பதும், அனுமதி பெறுவதும், கோட்டைச் சுவருக்குள் அடங்கியிருப்பதுமே அவர்களுடைய வழக்கம். ஐரோப்பாவில் மூண்ட யுத்தம் இந்நிலையைக் குலைத்தது. 1746-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் லா பூர்தொனே என்னும் கடற்படைத் தலைவன் சென்னப்பட்டணத்தை இங்கிலீஷ்காரரிடமிருந்து பிடித்தான். அதை விடுவிக்க ஆற்காட்டு நவாபு அன்வாருத்தீன் தம் மகன் மாபூஸ் கானைச் சுமார் 10,000 பேருடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் ஆயிரத்துக்கும் குறைந்த பிரெஞ்சுக்காரரும் சிப்பாய்களும் அந்தச் சேனையைச் சிதற அடித்தார்கள். குதிரைப்படைகளின் எண்ணிக்கை பயிற்சி பெற்ற துப்பாக்கி வரிசையின்முன் பயனற்றது என்பதை டூப்ளே அன்று கண்டுகொண்டார். அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டவரே என்பதையும் நாம் மறக்கலாகாது.

1748-ல் இங்கிலீஷ்காரர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். அந்த முற்றுகை நடக்கையில்தான் புதுச்சேரியின் வேதபுரீசுவரர் ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. டூப்ளேயின் துபாஷான ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினப்படிச் சேதிக் குறிப்பில் இக்கொடுமையைப் பதிந்து வைத்திருக்கிறார். எஜமானனிடம் விசுவாசமும் ஊர் ஜனங்களிடம் பற்றும் உடைய ஒருவர், இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதிய சாட்சியம் அது. அந்நியனுக்குத் துணைநின்ற பெரிய மனிதர்களுக்குக் கூடத் தங்கள் தெய்வத்தின் கோயிலைக் காப்பாற்றும் அளவுக்குச் செல்வாக்கு இருக்கவில்லை என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

அதே 1748-ம் வருஷத்தில் ஹைதராபாத்தின் முதல் நிஜாம் காலமானார். அவருடைய மகன் நாஸிர் ஜங்குக்கும், மகள் வயிற்றுப் பேரன் முஸாபர் ஜங்குக்கும் பட்டத்துக்குப் போட்டி உண்டாயிற்று. ஆற்காட்டிலும் இதே கதை: ஏழு வருஷம் மராட்டியரிடம் சிறைப்பட்டிருந்து விடுதலையான சந்தா சாகிப், அன்வாருத்தீனைத் தள்ளிவிட்டு நவாபாக விரும்பினார். முஸாபர் ஜங்கும் சந்தா சாகிப்பும் கைகோத்துக்கொண்டு டூப்ளேயின் உதவியை நாடினார்கள்.

மற்றொரு கவர்னராயிருந்தால், இது நமக்கு ஏன் என்று ஒதுங்கியிருப்பான், அல்லது வென்றவனிடம் சலுகை கேட்போம் என்று காத்திருப்பான். டூப்ளேயின் புத்தி வேறு விதமாக ஓடிற்று. கும்பினிக்கு எப்போதும் பணத்தட்டு. பிரான்ஸிலிருந்து வெள்ளி வருவது நிச்சயமில்லை. நாட்டிலே ஒரு பகுதியின் நிலவரி கைக்கு வந்துவிட்டால் அந்தக் கவலை தீரும். அதற்கு நாட்டை வெல்ல வேண்டியதில்லை. வெல்லப்போகிறவனுக்குக் கடன்காரனாக ஆகாமல், அவனைத் தனக்குக் கடன்காரனாக்கிக் கொண்டால் போதும். இதுதான் கணக்கு.

1749-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி ஆம்பூர்ப் போரில் சுமார் 400 பிரெஞ்சுக்காரரும் 2,000 சிப்பாய்களும் முன்னின்றார்கள். கிழ நவாபு அன்வாருத்தீன் யானைமேல் போரிட்டு மாண்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். சந்தா சாகிப் ஆற்காட்டு நவாபானார். உதவிக்கு விலையாகப் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்கள் கும்பினிக்கு எழுதி வைக்கப்பட்டன. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் குடியானவன் அன்று முதல் யாருக்கு வரி செலுத்தினான்? தன்னைக் கேளாமலே கைமாற்றப்பட்ட ஒரு புது எஜமானனுக்கு.

இதைக் கண்டு நாஸிர் ஜங் ஹைதராபாத்திலிருந்து பெருஞ் சேனையுடன் கர்நாடகத்துக்கு இறங்கி வந்தார். 1750-ம் வருஷத்தின் முற்பகுதியில் முஸாபர் ஜங் சரணடைந்து மாமனின் கைதியானார். டூப்ளேயின் திட்டம் மண்ணாயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். தோல்வியில் மனம் தளராமை டூப்ளேயிடம் இருந்த பெருங் குணம். விரோதிகளும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் மாதத்தில் அவருடைய படை திருவதிகைக்கு அருகே முகம்மது அலியைத் தோற்கடித்தது. சிதறிய படையில் ஒரு பகுதி செஞ்சிக் கோட்டையில் புகுந்துகொண்டது. புஸ்ஸி என்னும் சேனாபதி பின்தொடர்ந்து வந்து, ஊர்க் கோட்டையின் கதவை வெடிமருந்தால் பிளந்து உள்ளே நுழைந்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளின் மேலும் ஒரே இரவில் மூன்று பகுதிகளாக ஏறினார்கள். பொழுது விடிவதற்குள் மூன்றும் விழுந்தன. மொகலாயச் சேனை வருஷக்கணக்கில் பிடிக்க முடியாமல் தவித்த துர்க்கம் அது. கல்லும் மதிலும் அப்படியேதான் இருந்தன. காக்கவேண்டியவர்களின் மனம் மட்டும் முன்பே தோற்றிருந்தது.

இனிப் பட்டாணிய நவாபுகளின் விஷயத்துக்கு வருவோம். கடப்பை, கர்நூல், சவனூர் ஆகிய மூன்று இடங்களிலும் அப்போது ஆண்டவர்கள் ஆப்கானிய வம்சத்தவர்கள். இவர்களுடைய முன்னோர் பீஜப்பூர் சுல்தான்களிடமும் மொகலாயரிடமும் போர்ச் சேவகம் செய்யத் தெற்கே வந்து, ஜாகீர் பெற்று, நாளடைவில் நாடாளும் நிலைக்கு உயர்ந்தவர்கள். தென்னாட்டுக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். செஞ்சியை மொகலாயர் பிடித்தபின் கர்நாடகத்தை நிர்வகித்த தாவூத் கான் பன்னியும் அந்தக் குலத்தவரே. நாஸிர் ஜங்கின் பாசறையில் இந்த மூவரும் அவருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களாக வந்திருந்தார்கள். கப்பப் பாக்கி பற்றியும் மரியாதை பற்றியும் மனக்குறை கொண்டிருந்தார்கள். டூப்ளே அந்த மனக்குறையை மோப்பம் பிடித்தார். பல மாதம் ரகசியக் கடிதங்கள் போயின, வந்தன. பாசறை மழையிலும் வெள்ளத்திலும் செஞ்சிக்குச் சில காத தூரத்தில் சிக்கிக் கிடந்தது. நாஸிர் ஜங் சலித்துப்போய் டூப்ளேயின் நிபந்தனைகளுக்கு இசைந்து சமாதானத்துக்கு ஆயத்தமானார். ஆனால் சதியின் சக்கரம் அதற்குள் சுழன்றுவிட்டது.

டிசம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன், செஞ்சியிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுப் படை பாசறையைத் தாக்கியது. நாஸிர் ஜங் யானைமேல் ஏறி, தம் சொந்த சிற்றரசர்கள் நிற்கும் பக்கம் சென்று, அவர்களைப் போருக்கு அழைத்தார். பதிலாக வந்தது துப்பாக்கிக் குண்டு. பட்டாணிய நவாபுகளுள் ஒருவர் அவரை யானைமேலேயே சுட்டு வீழ்த்தினார். தலை வெட்டப்பட்டு ஈட்டி முனையில் உயர்த்தப்பட்டது. காலையில் கைதியாக இருந்த முஸாபர் ஜங் மாலைக்குள் தட்சிணத்தின் சுபேதாராகிவிட்டார்.

புதுச்சேரியில் நடந்த பட்டாபிஷேக வைபவம் இன்றும் சரித்திரத்தில் பேசப்படுகிறது. மொகலாய உடை தரித்து டூப்ளே சுபேதாருக்குப் பக்கத்தில் வீற்றிருந்தார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே கன்னியாகுமரி வரையுள்ள நாட்டுக்கு அவரே அதிகாரி என்று பட்டயம் வழங்கப்பட்டது. வழுதாவூர் அவருக்கு ஜாகீராயிற்று. செஞ்சி வெற்றியின் ஞாபகார்த்தமாக டூப்ளே-பதேயாபாத் என்று தம் பெயரால் ஒரு நகரத்தை நிர்மாணிக்கவும் உத்தரவிட்டார்.

சிவில் கோர்ட்டு வழக்குகளில் பழகியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். முஸாபர் ஜங் தென்னாட்டை டூப்ளேக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தென்னாடு அவருக்கு எப்போது சொந்தமாயிற்று? கொடுத்தவனுக்கு உரிமை வந்ததே வாங்கினவன் கொடுத்த துப்பாக்கியினால்தான். தனக்கு உரிமையில்லாத சொத்தை ஒருவன் அடமானம் வைத்தால் அந்தப் பத்திரம் செல்லாது என்பது சிறு பிள்ளையும் அறிந்த சட்டம். ஆனால் தேசங்களின் விஷயத்தில் இந்தச் சட்டத்தை ஏற்று நடத்தும் கோர்ட்டு அன்றும் இல்லை. அதற்குப் பிறகும் பலமுறை இல்லாமற் போயிற்று.

பட்டாணிய நவாபுகள் என்ன ஆனார்கள்? செய்த துரோகத்துக்குக் கூலி போதாது என்று அவர்கள் முறுமுறுத்தார்கள். டூப்ளே மத்தியஸ்தம் செய்து ஒருவாறு அடக்கி அனுப்பினார். ஹைதராபாத்தை நோக்கிச் செல்லும் வழியில், 1751-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இராயச்சோட்டிக்கு அருகே கலகம் மூண்டது. முஸாபர் ஜங் கொல்லப்பட்டார். கர்நூல் நவாபும் அதே களத்தில் மடிந்தார். நாஸிர் ஜங்கைக் கொன்று இரண்டு மாதம்கூட முழுதாகச் செல்லவில்லை. உடனிருந்த புஸ்ஸி சற்றும் கலங்காமல், கைதிகளாக வந்துகொண்டிருந்த நிஜாம் குமாரர்களுள் ஒருவரான ஸலபத் ஜங்கைப் பிடித்துச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தான். அரசன் மாறினான், அரசனை ஆட்டும் கயிறு மாறவில்லை. அந்நியனுக்குக் கருவியாகிறவன் வேலை முடிந்தபின் வேண்டாதவனாகிறான் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

டூப்ளேயின் உச்சம் அத்துடன் முடிந்தது. அவர் கண்டுபிடித்த யுக்திக்குக் காப்புரிமை கிடையாது. இங்கிலீஷ்காரர் திருச்சிராப்பள்ளியிலிருந்த முகம்மது அலியைத் தங்கள் நவாபாக எடுத்துக்கொண்டார்கள். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கினான். 1752-ன் தொடக்கத்தில் டூப்ளே-பதேயாபாத்தை இடித்துத் தரைமட்டமாக்கினான். அதே வருஷம் ஜூன் மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சாவூர்ச் சேனாபதியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. அன்வாருத்தீன், நாஸிர் ஜங், முஸாபர் ஜங், சந்தா சாகிப் என்று மூன்று வருஷத்துக்குள் நான்கு பட்டத்துரிமைக்காரர்கள் மாண்டார்கள். செஞ்சியை மீட்க அவ்வருஷம் வந்த இங்கிலீஷ் படை கோட்டையை அணுகவும் முடியாமல் திரும்பி, விக்கிரவாண்டியில் அடிபட்டது. யுத்தம் முடிவில்லாமல் நீண்டது.

நீண்ட யுத்தத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதுவே இந்தச் சரித்திரத்தின் உட்கரு. சிப்பாய்க்குச் சம்பளம் கும்பினி கொடுக்கிறது. அத்தொகை நவாபின் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. கடனுக்கு ஈடாக ஜில்லாக்களின் வரி ஒப்படைக்கப்படுகிறது. வரியை வசூலிக்க மீண்டும் சிப்பாய் அனுப்பப்படுகிறான். அவன் சம்பளம் மீண்டும் கடனாகிறது. யுத்தத்துக்கு வரி, வரிக்கு யுத்தம் என்ற இந்தச் செக்கில் ஆட்டப்பட்ட எள் யார்? செஞ்சியிலிருந்து திருச்சிராப்பள்ளி வரை உழுது பயிரிட்டவர்கள். தேசிங்குக்குப் பாட்டு உண்டு. இவர்களுக்குப் பாட்டு இல்லை.

டூப்ளேயே அந்தச் செக்கில் அகப்பட்டுக்கொண்டார். வெற்றியைப் பற்றி எழுதிய அளவுக்குச் செலவைப் பற்றி அவர் பாரிஸுக்கு எழுதவில்லை. தம் சொந்தப் பணத்தையும் யுத்தத்தில் போட்டார், கடனும் வாங்கினார். கும்பினியின் பங்குதாரர்களுக்கு வேண்டியது லாபம். நவாபுப் பட்டம் அன்று. 1754-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கோதேயு என்பவர் கப்பலில் வந்திறங்கி, டூப்ளேயின் பதவியைப் பறித்துக்கொண்டார். அக்டோபரில் டூப்ளே மனைவியுடன் ஊருக்குக் கப்பலேறினார். தாம் செலவிட்ட தொகையைத் திருப்பித் தரவேண்டுமென்று கும்பினியின் மேல் வழக்காடினார், கிடைக்கவில்லை. 1756-ல் மனைவி இறந்தாள். 1761-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுந்து இடிக்கப்பட்டது; ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. இச்செய்திகளைக் கேட்டபிறகே 1763-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் டூப்ளே பாரிஸில் வறுமையில் இறந்தார்.

மனிதன் இறந்தான், யுக்தி இறக்கவில்லை. முகம்மது அலி நாற்பது வருஷத்துக்கு மேல் நவாபாக இருந்து, கடனிலேயே மூழ்கி, ஜில்லா ஜில்லாவாகத் தம் வரியை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்தார். 1801-ல் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் இங்கிலீஷ் கும்பினி எடுத்துக்கொண்டது. டூப்ளே விதைத்ததை அறுத்தவர்கள் அவருடைய விரோதிகளே. தென்னாட்டில் தேர்ந்த வித்தை மெல்ல மெல்ல வடக்கே சென்று, இந்தியாவின் எல்லையையும் கடந்தது.

1839-ல் இங்கிலீஷ்காரர் காபூலுக்குப் படையெடுத்தார்கள். அங்கே ஆண்ட அமீர் தோஸ்த் முகம்மது ருஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிடுவாரென்று அச்சம். முப்பது வருஷத்துக்கு முன் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு லூதியானாவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஷா ஷூஜாவை அழைத்துச் சென்று சிம்மாசனத்தில் அமர்த்தினார்கள். செஞ்சியில் முஸாபர் ஜங் இருந்த இடத்தில் காபூலில் ஷா ஷூஜா. அவருக்கு அருகில் இருந்து ஆட்டிவைத்த மக்நாட்டன் என்பவர் 1809-ல் குதிரைப்படை வாலிபனாகச் சென்னைக்கு வந்து உத்தியோகம் தொடங்கியவர். இரண்டு வருஷம் நாடகம் நடந்தது. 1841-ம் வருஷம் டிசம்பரில் மக்நாட்டன் கொல்லப்பட்டார். 1842-ம் வருஷம் ஜனவரி மாதப் பனியில் சுமார் 4,500 போர்வீரரும் 12,000 பரிவாரத்தாரும் காபூலிலிருந்து ஜலாலாபாத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியிலேயே ஏறக்குறைய எல்லோரும் மடிந்தோ பிடிபட்டோ போனார்கள். பிரைடன் என்னும் டாக்டர் குதிரைமேல் தனியே வந்து சேர்ந்ததை ஆங்கில நூல்கள் சித்திரம் தீட்டிக் காட்டுகின்றன. ஆனால் பனியில் உறைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும், கூலியாட்களுமே. ஏப்ரலில் ஷா ஷூஜாவும் கொல்லப்பட்டார். அவ்வருஷமே பழிவாங்கச் சென்ற சேனை காபூலின் பெரிய கடைவீதியை வெடிவைத்துத் தகர்த்தது. 1843-ல் தோஸ்த் முகம்மது மீண்டும் காபூலில் அமர்ந்தார். இத்தனைக்கும் செலவான பணத்தில் பெரும்பகுதி இந்திய வரிப்பணம்.

1878-ல் மீண்டும் படையெடுப்பு, 1879-ல் யாகூப் கானிடம் கண்டமாக்கில் கையெழுத்து, சில மாதத்துக்குள் பிரிட்டிஷ் தூதர் காபூலில் கொலை, மீண்டும் யுத்தம். வெளிநாட்டு விவகாரங்களில் சுதந்திரம் பெற ஆப்கானியர் 1919 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1979-ம் வருஷம் டிசம்பரில் சோவியத் ருஷ்யா வந்தது. அரசாங்கம் அழைத்ததால் வந்தோம் என்று அது உலகுக்குச் சொல்லிற்று. அழைத்த ஹபீஸுல்லா அமீனைக் கொன்றுவிட்டு பப்ரக் கர்மாலை அமர்த்தியது. அமெரிக்கா பாகிஸ்தானின் வழியாக எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்தது. 1989-ம் வருஷம் பிப்ரவரியில் ருஷ்யச் சேனை திரும்பியபோது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் அகதிகளாக அயல்நாடுகளில் இருந்தார்கள். பிறகு ஆயுதம் பெற்ற கட்சிகள் தமக்குள் மோதிக் காபூலைப் பாழாக்கின. 2001-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்கா வந்தது. இருபது வருஷம் இருந்தது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போய்விட்டது. அது நிறுவிய அரசாங்கத்தின் செலவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அந்நிய தேசங்களின் உதவித் தொகை. தாங்கிய கை விலகியதும் அந்த அரசாங்கம் ஒரே நாளில் காபூலை விட்டு மறைந்ததில் ஆச்சரியம் என்ன? தன் குடிகளின் வரியால் வாழாத அரசு, குடிகளுக்குப் பொறுப்பாளியாகவும் இராது. ஆபத்தில் குடிகள் அதைக் காக்க வரவும் மாட்டார்கள். முகம்மது அலியின் கணக்குப் புத்தகமும் காபூலின் கணக்குப் புத்தகமும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. ஆப்கானியர்கள் தாமே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அந்நியனை அழைக்கிறார்கள் என்பது ஒன்று. உட்பகை உண்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நமக்கும் 1749-ல் அதுவே இருந்தது. வீட்டில் அண்ணன் தம்பி சண்டை இருப்பதால் அடுத்த ஊர்க்காரன் வந்து வீட்டை எழுதி வாங்கிக்கொள்ள அதிகாரம் பெறுகிறானா? மற்றொரு ஆட்சேபம், அந்நியன் வந்தபோது பள்ளிக்கூடங்களும் பெண் கல்வியும் வந்தன என்பது. இதைப் புறக்கணிக்க நாம் தயாரில்லை. 2021-க்குப் பிறகு தாலிபான் அரசு பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியின் கதவையும், 2022-ம் வருஷம் டிசம்பரில் சர்வகலாசாலையின் கதவையும் அடைத்தது பெருங் கொடுமை. அந்நியன் போனதனால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்நியன் துப்பாக்கியின் நிழலில் நட்ட செடி, துப்பாக்கி போன அன்றே பிடுங்கப்படுகிறது என்பதற்கும் அதுவே சாட்சி. நாட்டு மண்ணில் வேரூன்றிய நன்மையே நிலைக்கும். வேரூன்றக் காலமும் அமைதியும் வேண்டும். அந்தக் காலத்தையும் அமைதியையும் தான் இருநூறு வருஷ யுத்தங்கள் அந்த ஜனங்களிடமிருந்து திருடிக்கொண்டன.

தமிழ் நாட்டவராகிய நமக்கு இதில் வேடிக்கை பார்ப்பவர்களின் இடம் இல்லை. அடையாற்றிலும் செஞ்சியிலும் டூப்ளேயின் வரிசையில் நின்ற சிப்பாய்கள் நம்மவர்கள். அவருக்குக் கடிதம் எழுதிய துபாஷ்கள் நம்மவர்கள். காபூலுக்குப் போன சேனையின் தோளும் அதன் செலவும் இந்தியாவினுடையவை. நம் மண்ணில் பழகிய ஆயுதம் அவர்கள்மேல் வீசப்பட்டது. ஆகையால் ஆப்கானியன் கல்வி கேட்டும் மருந்து கேட்டும் நம் வாசலுக்கு வரும்போது, தர்மம் செய்கிறவர்களாக அல்ல, பழைய கணக்கு ஒன்றைத் தீர்க்கிறவர்களாகவே நாம் எழுந்து நிற்கவேண்டும். நம் சர்க்காரும், எந்தக் கட்சியின் சர்க்காராயினும், அந்த நாட்டின் ஒரு கட்சிக்கு ஆயுதம் கொடுத்து மற்றொன்றை அடக்கும் ஆசைக்கு ஒருநாளும் இடம் கொடுக்கலாகாது. டூப்ளேயின் யுக்தி நம்முடைய கையில் வந்தால் மட்டும் புனிதமாகிவிடாது.

புதுச்சேரிக் கடற்கரையில் மகாத்மா காந்தியின் சிலையைச் சூழ்ந்து உயர்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. டூப்ளேயின் சிலை அதே கடற்கரையின் தென்கோடியில் ஒதுங்கி நிற்கிறது. செஞ்சிக்குப் போகும் வாலிபர்கள் ராஜகிரியின்மேல் ஏறித் தேசிங்கை நினைக்கட்டும். இறங்கி வரும்போது, இந்த மலைகள் ஓர் இரவில் எப்படி விழுந்தன என்பதையும் சற்று யோசிக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கும்போது எந்த மதிலும் உயரமானதன்று. இதை நாம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம். ஆப்கானிய ஜனங்கள் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.